வேக வாசிப்புப் பயிற்சிக்கு நான் எடுத்த தவறான புத்தகங்கள்

வேக வாசிப்புப் பயிற்சியில் சேர்ந்த முதல் நாளில், அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவாருங்கள் என்று மட்டும்தான் பயிற்றுநர் சொன்னார். எப்படிப்பட்ட புத்தகம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பயிற்சி கைக்கும் கண்ணுக்கும்தான், அதற்கு எந்தப் புத்தகமாக இருந்தால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு என் மூன்று மாதங்களைத் தின்றுவிட்டது. பயிற்சி முறையில் எனக்கு இன்றும் சில சந்தேகங்கள் உண்டு. ஆனால் அந்த மூன்று மாதங்கள் வீணானதற்கு முறையைவிட நான் கையில் எடுத்த புத்தகங்களே காரணம் என்பதில் சந்தேகம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து தவறான தேர்வுகளைச் செய்த பிறகே எது சரியான புத்தகம் என்பது எனக்குப் பிடிபட்டது என்பதால், அந்தத் தவறுகளை அதே வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை 1959இல் அமெரிக்காவில் வகுப்புகளாக நடத்திப் பரப்பத் தொடங்கிய முறையின் வழியில் வந்தது எங்கள் பயிற்சி. வலக்கை விரலை வரிக்கு அடியில் சீராக நகர்த்த வேண்டும். கண் விரலின் பின்னால் செல்ல வேண்டும். கடந்துபோன சொல்லுக்குத் திரும்பக் கூடாது. இதற்கான அன்றாடப் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு பகுதியை மூன்று நிமிடம் படித்து, நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதே பகுதியை இரண்டு நிமிடத்திலும், பிறகு ஒரே நிமிடத்திலும் கடக்க வேண்டும். கடைசிச் சுற்றில் பொருள் முழுதாகப் புரியாது, புரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது. அதன்பின் புதிய பகுதி ஒன்றை இயல்பாகப் படித்தால், முன்பிருந்ததைவிடச் சற்று வேகமான ஓட்டத்தில் மனம் நிலைகொண்டிருக்கும் என்பதே இதன் அடிப்படை. இந்த மூன்று சுற்றுகளையும் தாங்கக்கூடிய புத்தகம் எது என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

நான் முதலில் கொண்டுபோனது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 420 பக்கப் பொருளாதார வரலாற்று நூல். வாங்கிப் பல ஆண்டுகளாகியும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டாமல் அலமாரியில் இருந்தது. பயிற்சியும் நடக்கும், புத்தகமும் முடியும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது என் கணக்கு. வேக வாசிப்பைக் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள் என்பதைப் பின்னர் கண்டேன். படிக்காமல் குவிந்துகிடக்கும் புத்தகங்கள் தரும் குற்ற உணர்ச்சிதானே நம்மை அந்த வகுப்பு வரைக்கும் இழுத்துச் செல்கிறது. விளைவு என்னவென்றால், விரல் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கும்போது மனம் முதல் பத்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வட்டி விகிதத்துக்கும் தங்க இருப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கும் வாக்கியத்தை விரல் இரண்டு நொடியில் கடந்துவிடும். எனக்கோ அதைப் புரிந்துகொள்ள இருபது நொடி வேண்டியிருந்தது. மூன்று வாரங்கள் இப்படியே சென்றன. விரலின் மீதும், கண்ணாடியின் மீதும், தூக்கக் குறைவின் மீதும் பழி போட்டேனே தவிர, புத்தகத்தைச் சந்தேகிக்கவே இல்லை.

ஏன் அப்படி ஆனது என்பது, கண் எப்படிப் படிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு விளங்கியது. வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்தித் தத்திச் செல்கிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால் 1870களின் இறுதியிலேயே இந்தத் தாவல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலம் படிப்பவர்களிடம் பிற்காலத்தில் அளந்து பார்த்ததில், கண் ஓரிடத்தில் கால் நொடி அளவுக்கு நிற்கிறது, பிறகு ஏழு முதல் ஒன்பது எழுத்துகள் வரை தாவுகிறது, தாவல்களில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு பின்னோக்கியவை என்று தெரியவந்தது. பின்னோக்கிப் போவதைக் கெட்ட பழக்கம் என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அந்தக் கருத்தை நான் இப்போது முழுமையாக ஏற்பதில்லை. கீத் ரேனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், படித்த சொற்கள் உடனுக்குடன் திரையில் மறைக்கப்பட்டு வாசகர் திரும்பிப் பார்க்க முடியாதபடி செய்யப்பட்டபோது, புரிதல் குறைந்தது. அப்படியானால் பின்னோக்கிய தாவல்களில் ஒரு பகுதி வெறும் கவனச்சிதறல் அல்ல. புரியாமல் போனதைச் சரிசெய்ய மனம் எடுக்கும் முயற்சி.

இதை என் பொருளாதார வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் கோளாறு வெட்டவெளிச்சமாகிறது. அந்த நூலில் நான் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் தேவை கருதியே திரும்பினேன். பயிற்சியோ திரும்பாதே என்றது. ஒரே நேரத்தில் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்ததைப் போன்ற நிலை. வாசிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது கண்ணின் ஓட்டத்தைவிட, சொல்லை இனங்கண்டு வாக்கியத்தின் பொருளைக் கட்டியெழுப்பும் மொழித்திறனே என்பது இத்துறையில் 2016இல் வெளியான விரிவான மதிப்பாய்வுக் கட்டுரையின் முடிவு. கடினமான நூலில் மொழியும் கருத்துமே மனத்தின் முழு ஆற்றலையும் எடுத்துக்கொள்கின்றன. புதிதாக ஒரு கைப்பழக்கத்தைப் பழகுவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இருப்பதில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவரை முதல் நாளே மலைப்பாதைக்கு அனுப்புவதில்லை அல்லவா?

பாடம் கற்றுவிட்டதாக எண்ணி, நேர் எதிர்த் திசைக்குப் போனேன். இருமுறை படித்து, கதை முழுவதும் மனத்தில் இருந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டேன். முதல் நாளே நிமிடத்துக்கு 540 சொற்கள் வந்தன. பயிற்சிக்கு முன் என் வேகம் 230 என்பதால், அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான்கு நாள்கள் கழித்து, வகுப்பில் என்னுடன் பயின்ற ஒருவர், நான் அன்றுவரை சென்றிருந்த பகுதியிலிருந்து பத்துக் கேள்விகள் கேட்டார். ஒன்பதுக்குச் சரியாகப் பதில் சொன்னேன். அடுத்து அவர் நான் இன்னும் தொடாத அத்தியாயங்களிலிருந்து பத்துக் கேள்விகள் கேட்டார். அவற்றில் எட்டுக்குச் சரியாகப் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு இருவரும் சிறிது நேரம் பேசிக்கொள்ளவில்லை. நான் அந்த நான்கு நாள்களில் படித்தேனா, நினைவுகூர்ந்தேனா என்பதை அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. திரைப்படமாகப் பார்த்த கதைக்கும், செய்திகளில் தினமும் அடிபட்ட நிகழ்வைப் பற்றிய நூலுக்கும் இதே குறை உண்டு. கை ஓட்டத்தைப் பழக்க அவை பயன்படலாம். வேகத்தை அளப்பதற்கு உதவா.

மூன்றாவது தேர்வு ஒரு துப்பறியும் நாவல். எளிய மொழி, முன்பு படிக்காத கதை, விறுவிறுப்பு என எல்லாப் பொருத்தமும் இருப்பதுபோலத் தோன்றியது. இரண்டு சிக்கல்கள் வந்தன. கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் விரலை மறந்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் கை மடியில் கிடப்பதைக் கவனிப்பேன். கதை என்னைப் படிக்க வைத்ததே ஒழியப் பழக விடவில்லை. இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை சார்ந்தது. ஒரு பக்கத்தில் சராசரியாக எத்தனை சொற்கள் என்று முதலிலேயே எண்ணிக்கொண்டு, படித்த பக்கங்களால் பெருக்கி வேகத்தைக் கணக்கிடுவதே வழக்கம். துப்பறியும் கதையில் ஒரு பக்கம் நெருக்கமான வருணனையாக இருக்கும், அடுத்த மூன்று பக்கங்கள் “ஆமாம்”, “எப்போது?”, “நேற்று இரவு” என்று அரை வரி உரையாடலாக ஓடும். உரையாடல் நிறைந்த நாளில் என் வேகம் 400ஐத் தாண்டுவதும், வருணனை நிறைந்த நாளில் 250க்கு இறங்குவதும் என் முன்னேற்றத்தையோ பின்னடைவையோ காட்டவில்லை. அச்சுக்கோத்த விதத்தைக் காட்டின. அரை வரிகளில் விரலும் தடுமாறும். வரியின் முழு அகலத்துக்கும் சீராகப் போய்ப் பழக வேண்டிய கை, படிக்கட்டில் இறங்குவதுபோலத் துள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்து எடுத்த தன்முன்னேற்ற நூலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கருத்தை அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறு வேறு கதைகளில் சொல்லும் நூல் அது. கேள்விகளுக்குச் சரியான பதில் வந்துகொண்டே இருந்ததில் சந்தேகம் எழுந்து, அந்த நூலைத் தொட்டே பார்த்திராத என் அலுவலக நண்பரிடம் அதே பத்துக் கேள்விகளைக் கேட்டேன். ஆறுக்கு அவர் சரியாகப் பதில் சொன்னார். படிக்காமலேயே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைத் தரும் புத்தகம் பயிற்சிக்கு ஆகாது என்ற விதியை அன்று எழுதி வைத்துக்கொண்டேன். இப்போதும் புதிய புத்தகத்தை எடுத்தால், கேள்விகளை வேறு யாரிடமாவது ஒருமுறை வெறுமனே கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

கட்டுரைத் தொகுப்பு ஒன்றையும் முயன்றேன். அதன் குறை நுட்பமானது. எந்த எழுத்திலும் முதல் ஓரிரு பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும்; யார் பேசுகிறார், எதைப் பற்றி, எந்தத் தொனியில் என்பதையெல்லாம் மனம் அங்கே பிடித்துக்கொள்கிறது. நாவலிலோ வாழ்க்கை வரலாற்றிலோ இந்தச் செலவு ஒருமுறைதான். ஆறு பக்கக் கட்டுரைகளில் ஆறு பக்கத்துக்கு ஒருமுறை அதைச் செலுத்த வேண்டியிருக்கிறது. ஓட்டம் கூடிவரும்போது கட்டுரை முடிந்துவிடும்.

சரியான புத்தகத்தை எனக்குக் காட்டியவர் வகுப்பில் எங்களோடு பயின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய முன்னேற்றம் ஆரவாரமில்லாமல் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்தது உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக எழுதப்பட்ட, ஒரு கடற்பயண ஆய்வாளரின் வாழ்க்கை வரலாறு. பெரியவர்கள் நாங்கள் கனமான நூல்களைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருக்க, அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் அதை மேசை மேல் விரித்து வைத்திருந்தார். என் பொருளாதார வரலாற்றுக் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டு, “உங்களுக்கு அந்தப் புத்தகத்து மேல மரியாதை ஜாஸ்தி தம்பி, மரியாதை வச்சிருக்கிற புத்தகத்த விரட்ட மனசு வராது” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு வரியைத் தவறவிட்டால் இழப்பு என்று தோன்றும் புத்தகத்தில் விரலை வேகமாக நகர்த்த மனம் இடம் கொடுக்காது. பயிற்சிக்கு எடுக்கும் புத்தகத்தில் சுவை இருக்க வேண்டும். ஆனால் கால்வாசி கைநழுவிப் போனாலும் வருத்தம் வரக் கூடாது. நான் தேடியிருக்க வேண்டியது இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைத்தான்.

“படிச்சதும் தரேன் டீச்சர்” என்று அவரிடம் சொல்லி, அவர் முடித்த பின் அதே புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். ஏறத்தாழ 250 பக்கங்கள். வாழ்க்கை வரலாறு ஏன் இவ்வளவு பொருந்தியது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். பிறப்பு, இளமை, முயற்சி, தோல்வி, மீண்டும் முயற்சி என்று அதன் போக்கு ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஒன்று. ஆனால் விவரங்கள் தெரியாதவை. அதனால் அடுத்து என்ன வகையான செய்தி வரும் என்று ஊகிக்க முடிகிறது, என்ன செய்தி என்று ஊகிக்க முடிவதில்லை. காலவரிசையில் செல்வதால் ஒரு பத்தி கைநழுவினாலும் அடுத்த பத்தியில் கதையைப் பிடித்துக்கொள்ளலாம். உரையாடல் குறைவு, பத்திகளின் நீளமும் சொற்களின் நெருக்கமும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கின்றன. மூன்று-இரண்டு-ஒன்று நிமிடப் பயிற்சியின் இரண்டாம் சுற்றிலும் பார்ப்பதற்குப் புதிதாக ஏதாவது மிச்சமிருக்கிறது. பயண நூல்களும் தன்வரலாறுகளும் ஏறத்தாழ இந்த வகையிலேயே சேரும். வரலாற்று நூல்களில் கவனம் தேவை. பக்கத்துக்குப் பத்து மன்னர் பெயர்கள் வரும் நூலில் விரல் வேலை செய்யாது.

இப்போது ஒரு புத்தகத்தைத் தேர்வதற்கு முன் நான் செய்து பார்க்கும் சோதனை எளியது. முன்னுரையையும் முதல் அத்தியாயத்தையும் விட்டுவிட்டு நாற்பதாம் பக்கத்துக்குச் செல்வேன். எழுத்தாளர்கள் தொடக்கத்தில் வாசகரிடம் காட்டும் கரிசனம் நாற்பதாம் பக்கத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அங்கே நூறு சொற்களை எண்ணி, அவற்றில் பொருள் தெரியாதவை எத்தனை என்று பார்ப்பேன். இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகத்தை எடுப்பதில்லை. இந்த அளவு நானாக வைத்ததன்று. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் ஒரு கதையை அகராதி இல்லாமல் போதிய அளவு புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அது இயல்பான வேகத்தில் படிப்பதற்கான அளவு என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டிப் பழகுவதற்கு நூற்றுக்கு ஒன்று என்பதே பாதுகாப்பான எல்லை என்பது என் எண்ணம். அதன்பின் ஒரு பக்கத்தை விரலில்லாமல் இயல்பாகப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வாய்விட்டு நான்கு வாக்கியங்களில் சொல்லிப் பார்ப்பேன். மெதுவாகப் படித்தே சொல்ல முடியாததை வேகமாகப் படித்துச் சொல்லிவிட முடியாது.

புத்தகத்தின் உடல்வாகையும் பார்க்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வலக்கை வரியின் கீழ் ஓடும்போது இடக்கை ஒன்றுதான் பக்கத்தைப் பிடிக்கவும் திருப்பவும் வேண்டும். இறுகத் தைத்து ஒட்டிய புத்தகம் இதற்கு ஒத்துழைக்காது, விட்டால் மூடிக்கொள்ளும். புதிய புத்தகமானால் மேசையில் நிறுத்திவைத்து, முன்னாலிருந்து சில பக்கங்கள், பின்னாலிருந்து சில பக்கங்கள் என்று மாறி மாறி விரித்து மெல்ல அழுத்திவிட்டால் முதுகு தளர்ந்து தட்டையாகப் படியும். மிகச் சிறிய எழுத்தும், வரிகளுக்கிடையே இடைவெளி இல்லாத அச்சும் விரலுக்கே எதிரிகள். விரல் அடுத்த வரியை மறைத்துவிடும். பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும் மெல்லிய தாளும் வேண்டாம். இரண்டு வாரங்கள் கைக்கணினியிலும் முயன்றேன். விரல் திரையில் பட்டதும் பக்கம் திரும்பிவிட்டது. விரலைத் திரைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் தோள் வலித்தது. வேகத்தைக் குறித்த எண்ணிக்கைகளைவிட அந்தத் தோள்வலி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் அச்சுப் புத்தகமே போதும் என்று முடிவு செய்தேன்.

தமிழ்ப் புத்தகத்தில் பயிலலாமா, ஆங்கிலப் புத்தகத்தில் பயிலலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இரண்டிலும் பயிலலாம், ஆனால் ஒரே நோட்டில் ஒரே வரிசையில் இரண்டின் வேகத்தையும் எழுதக் கூடாது என்பதே என் பதில். “போய்க்கொண்டிருந்தவர்களையும்” என்பது நமக்கு ஒரு சொல்; ஆங்கிலத்தில் அதையே சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். எனவே நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற அளவு மொழிக்கு மொழி வேறு பொருள் தருகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 17 மொழிகளில் ஒப்பிடத்தக்க பனுவல்களை வாசிக்கச் செய்தபோது, ஆங்கிலத்தில் சராசரி 228 சொற்களும், நம் மொழியைப் போலவே விகுதிகளை அடுக்கிச் சொல்லை நீட்டும், பின்லாந்தின் பின்னிய மொழியில் 161 சொற்களும் வந்தன. பின்லாந்துக்காரர்கள் மந்தமாகப் படிக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. என் தமிழ் வேகம் பயிற்சிக்கு முன் 140ஆக இருந்ததைக் கண்டு, தாய்மொழியிலேயே இவ்வளவு மெதுவாகவா படிக்கிறேன் என்று நொந்துபோயிருந்தேன். தேவையில்லாத வருத்தம் அது.

தமிழில் தேர்வதானால் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நீண்ட புணர்ச்சிகளைப் பிரிக்காமல் அச்சிட்ட பழைய உரைநடை நூல்களில் கண் ஒவ்வொரு சொல்லையும் உடைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் அவற்றைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். அவற்றின் அழகு மெதுவாகப் படிப்பவர்களுக்கு உரியது. மூலமொழியின் வாக்கிய அமைப்பை அப்படியே இழுத்துவரும் மொழிபெயர்ப்புகளையும் தவிர்க்க வேண்டும். அத்தகைய நூலில் வாக்கியத்தின் வினைமுற்றுக்கு வந்த பிறகு எழுவாய் எங்கே என்று தேடித் திரும்ப வேண்டியிருக்கும். அந்தத் திரும்பல் வாசகரின் குற்றமன்று. நன்றாக வந்த மொழிபெயர்ப்புக்கு இந்தக் குறை இல்லை, ஒரு பக்கம் படித்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி விளம்பரங்களில் ஆயிரம், இரண்டாயிரம் என்று வருவதைப் பார்த்துவிட்டு வருபவர்கள், மார்க் பிரைஸ்பார்ட் என்ற பெல்ஜிய உளவியலாளர் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கண்ட சராசரியைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தில் மௌன வாசிப்புக்கு அபுனைவு நூல்களில் நிமிடத்துக்கு 238 சொற்கள், புனைவில் 260. புத்தகத்தின் வகை மாறினாலே சராசரி இருபது சொற்களுக்கு மேல் மாறுகிறது என்பதே பயிற்சிப் புத்தகத்தைத் தேர்பவர் இதில் கவனிக்க வேண்டியது. கடந்த வாரம் நாவலிலும் இந்த வாரம் அறிவியல் நூலிலும் அளந்துவிட்டு முன்னேற்றம் நின்றுபோனதாகக் கவலைப்படுவதில் பொருளில்லை. ஒரே புத்தகத்துக்குள், முதல் வாரத்து எண்ணை மூன்றாம் வாரத்து எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அதனால்தான் மூன்று வாரங்களுக்கு வரும் அளவுக்கு நீளமான புத்தகமாகத் தேர்கிறேன், இடையில் மாற்றுவதில்லை. ஒவ்வொரு நாளும் எண்ணுக்குப் பக்கத்திலேயே, படித்ததைப் பற்றி நினைவிலிருந்து ஐந்து வரிகள் எழுதிவிடுவேன். ஐந்து வரி வராத நாளின் எண்ணை அடித்துவிடுவேன்.

இந்த ஐந்து வரிப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்பென்டர் என்ற இருவர் 1980களில், வேக வாசிப்புப் பயிற்சி பெற்றவர்களையும் சாதாரண வாசகர்களையும் கண்ணசைவுக் கருவியின் முன் ஒரே பனுவல்களைப் படிக்கவைத்து ஒப்பிட்டார்கள். எளிய பனுவலின் மையக் கருத்தைக் கேட்டபோது வேக வாசகர்கள் பின்தங்கவில்லை. கடினமான பனுவலிலும், விவரங்களைக் கேட்டபோதும் பின்தங்கினார்கள். கண் நேரடியாகப் படாத இடத்திலிருந்த விவரத்தை அவர்களால் சொல்ல முடியவில்லை. எளிய புத்தகத்தில் வந்த வேகத்தைக் கடினமான புத்தகத்துக்குக் கொண்டுபோக முடியும் என்ற நம்பிக்கையை இந்த முடிவு ஆட்டிவிடுகிறது. என் சொந்த எண்களும் அதையே சொல்கின்றன. நான்கு மாதங்களின் முடிவில் வாழ்க்கை வரலாறு போன்ற ஆங்கில நூல்களில் 340, தமிழில் 190 என்ற இடத்தில் நிலைத்தேன். பத்துக் கேள்விகளில் ஏழெட்டுக்குப் பதில் வரும். துறை சார்ந்த நூல் என்றால் பழைய 230க்குப் பக்கத்திலேயேதான் நிற்கிறேன். ஆங்கில எண் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆனதில் விரலின் பங்கு எவ்வளவு, தினமும் நாற்பது நிமிடம் உட்கார்ந்து படித்ததன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதன் பங்கே அதிகம் என்பது என் சந்தேகம்.

முதல் புத்தகத்தில் ஐந்து வரிகள் தடையில்லாமல் வரத் தொடங்கி, ஒரு வாரத்துக்கு எண் பெரிதாக மாறாமல் நின்றால், அடுத்த படிக்குச் செல்லலாம். நான் பள்ளி மாணவர் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பெரியவர்களுக்கான வாழ்க்கை வரலாற்றுக்கும், அதிலிருந்து எனக்கு ஓரளவு பழக்கமான துறையின் பொது வாசகர் நூலுக்கும் சென்றேன். ஒவ்வொரு மாற்றத்திலும் வேகம் முதலில் இறங்கியது. அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளாதவர்கள் அந்த இடத்தில்தான் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் அப்படி நின்றுவிட்டார்கள். கவிதை, சட்டப் பனுவல், கணக்கு, கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் ஆகியவற்றைப் பயிற்சிக்கு எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அந்தப் பொருளாதார வரலாறு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. ஆறு மாதங்களுக்குப் பிறகு மறுபடி எடுத்தேன், இம்முறை பயிற்சிக்காக அன்று. முதல் நாள் விரலை ஓட்டிப் பொருளடக்கம், ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பத்தி, கடைசிப் பத்தி, அட்டவணைகளின் தலைப்பு ஆகியவற்றை மட்டும் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடித்தேன். எந்த மூன்று அத்தியாயங்கள் எனக்குத் தேவை, எவற்றை விட்டுவிடலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பல ஆண்டுகளாக முப்பதாம் பக்கத்தில் நின்றிருந்ததற்கு, நான் தேவையில்லாத அத்தியாயத்திலிருந்து தொடங்கியதே காரணம் என்பதும் தெரிந்தது. அந்த மூன்று அத்தியாயங்களை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். தங்க இருப்பைப் பற்றிய அந்த வாக்கியத்தை நான்கு முறை திரும்பிப் படித்தேன். விரல் பக்கத்தின் ஓரத்தில் அசையாமல் இருந்தது.